மூக்கு கழுவும் வேலை அடுப்படியில் தொடங்குகிறது

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது பற்றி நம் வீடுகளில் இரண்டே கட்சிகள்தான் இருக்கின்றன. பல் துலக்கும் கையோடு மூக்கையும் தினம் கழுவிவிட்டால் சைனஸ், ஒற்றைத் தலைவலி, ஆஸ்துமா தொடங்கிக் கண் பார்வைக் கோளாறு வரை எல்லாம் ஓடிவிடும் என்பது ஒரு கட்சி. கேரளத்தில் ‘மூளையைத் தின்னும் அமீபா’ பற்றிய செய்தி வந்த நாளிலிருந்து, மூக்கருகே தண்ணீரைக் கொண்டுபோவதே ஆபத்து என்பது மறு கட்சி. முதல் கட்சிக்காரர் கையில் மூக்கில் நீர் ஊற்றும் நேத்திக் கெண்டி இருக்கிறது, இரண்டாமவர் கையில் செய்தித்தாள் இருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எப்படித் தயாரானது என்று மட்டும் இருவரும் பேசுவதில்லை. மூக்கு கழுவுவதால் கிடைக்கும் பலன் உண்மையானது, ஆனால் அளவானது. ஆபத்தும் உண்மையானது, அது முழுக்க முழுக்க நீரைப் பொறுத்தது. வாஷ்பேசின் குழாயைத் திறந்து, பிடித்த நீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டால் அது குளியலறை வேலை. கொதிக்கவைத்து, அளந்து, ஆறவைத்து எடுத்தால் அது அடுப்படி வேலை. மருத்துவர்கள் பரிந்துரைப்பது இரண்டாவதை. நம்மில் பலர் செய்வது முதலாவதை.

மூச்சுக் காற்று நுரையீரலைத் தொடும் முன் அதை வடிகட்டி, சூடாக்கி, ஈரமாக்கி அனுப்பும் பொறுப்பு மூக்கினுடையது. ஒருவர் ஒரு நாளில் இழுக்கும் காற்று பத்தாயிரம் லிட்டருக்கு மேல். தெருப் புழுதி, கொசுவத்திப் புகை, மகரந்தம், பூனை முடி, கிருமி எல்லாம் அதோடுதான் வருகின்றன. மூக்கின் பக்கச் சுவரிலிருந்து சுருள் சுருளாக நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புகளும் அவற்றைப் போர்த்திய சவ்வும் காற்றை நேராகப் போகவிடாமல் சுழற்றுகின்றன. சுழலும் காற்றிலுள்ள தூசு, சவ்வின் மேல் படிந்திருக்கும் கோழையில் ஒட்டிக்கொள்கிறது. சவ்வில் கண்ணுக்குத் தெரியாத நுண்முடிகள் நொடிக்குப் பத்து தடவையாவது ஒரே திசையில் அசைந்து, அந்தக் கோழைப் படலத்தைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். மீதியை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்கிறது. மூக்கின் முன்பகுதியில் துளி சாக்கரின் வைத்தால், நலமாக இருப்பவருக்குக் கால் மணி நேரத்துக்குள் தொண்டையில் இனிப்புத் தெரியும். நுண்முடிகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்க மருத்துவர்கள் செய்யும் பழைய சோதனை இது.

சளி பிடித்தாலோ ஒவ்வாமை கிளம்பினாலோ இந்த ஏற்பாடு தடுமாறுகிறது. சவ்வு வீங்குகிறது, கோழை கெட்டிப்படுகிறது, நுண்முடிகளால் அதைத் தள்ள முடிவதில்லை. கன்னத்திலும் நெற்றியிலும் கண்களுக்கிடையிலும் உள்ள சைனஸ் அறைகள் குறுகிய வாய்கள் வழியாகத்தான் மூக்குக்குள் வடிகின்றன. அந்த வாய்கள் அடைபடும்போதுதான் முகம் கனத்து, குனிந்தால் வலித்து, நாம் ‘நீர்க்கோவை’ என்று சொல்லும் நிலை வருகிறது. உப்பு நீர் இங்கே செய்வது எளிய வேலை. கெட்டிக் கோழையை இளக்கி வெளியே அடித்துவருகிறது. ஒட்டியிருக்கும் மகரந்தத்தையும் தூசையும், வீக்கத்தைத் தூண்டும் சுரப்புகளையும் கழுவிவிடுகிறது. நுண்முடிகளுக்கு மறுபடி அசைய இடம் கொடுக்கிறது. இதில் மருந்து என்று எதுவும் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அறுவை சிகிச்சை செய்துகொள்ளாதவர்களுக்கு இந்த நீர் சைனஸ் அறைக்குள் பெரிதாக நுழைவதில்லை. வாசலைச் சுத்தம் செய்கிறது, அவ்வளவுதான். சைனஸ் வாய்களை அகலப்படுத்தும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நிலைமை மாறுகிறது. நீர் உள்ளேயே போய்க் கழுவும். அதனால்தான் அந்த நோயாளிகளுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் வாரக்கணக்கில் உப்பு நீர்க் கழுவலை எழுதிக் கொடுக்கிறார்கள்.

உப்பு எதற்கு, வெறும் தண்ணீர் போதாதா என்றால், குளத்தில் குளிக்கும்போது மூக்கில் நீர் ஏறி எரிந்தவர்களுக்கு விடை தெரியும். நம் உடல் திரவங்களில் உள்ள உப்பின் செறிவுக்கு ஈடானது லிட்டருக்கு 9 கிராம், அதாவது 0.9 சதவீதம். வெறும் நீர் அதைவிட நீர்த்தது. பள்ளியில் படித்த சவ்வூடு பரவல்படி அது செல்களுக்குள் புகுந்து அவற்றை உப்பவைக்கிறது, சவ்வு எரிகிறது. அளவான உப்பு நீர் எரிவதில்லை. அளவு கூடி 2, 3 சதவீதமானால் வீங்கிய சவ்விலிருந்து நீரைக் கொஞ்சம் வெளியே இழுக்கும், அடைப்பு இன்னும் குறையலாம். ஆனால் சிலருக்கு எரிச்சலும் வரும். கடல் நீரின் உப்பு சுமார் மூன்றரை சதவீதம் என்பதை வைத்துப் பார்த்தால், கண்ணளவில் கைப்பிடி உப்பைப் போடுபவர்கள் எவ்வளவு எளிதாக அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார்கள் என்பது புரியும்.

சரி, பலன் உண்டு என்பதற்குச் சான்று என்ன? நம் வாசகர்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. 2016-ல் கனடா மருத்துவச் சங்க இதழில் வெளியானது. நாள்பட்ட அல்லது திரும்பத் திரும்ப வரும் சைனஸ் தொல்லை உள்ள 871 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு உப்பு நீர்க் கழுவலும் சிலருக்கு ஆவி பிடித்தலும் சிலருக்கு இரண்டும் சொல்லப்பட்டன. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மூக்கு கழுவியவர்களுக்குத் தொல்லை மிதமாகக் குறைந்திருந்தது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி சற்றுத் தணிந்ததைத் தவிர வேறு மாற்றம் தென்படவில்லை. நொச்சி இலையும் தைலமும் போட்டுப் போர்வைக்குள் முகத்தைக் காட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதும் நடக்கிறது. நாம் தயக்கமில்லாமல் நம்பும் முறைக்குச் சான்று குறைவாகவும், தயங்கும் முறைக்குச் சற்று அதிகமாகவும் இருப்பது கவனிக்க வேண்டியது.

அதற்கு முன்பே, 2002-ல், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 76 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தினமும் 2 சதவீத உப்பு நீரால் ஆறு மாதம் கழுவியவர்கள் ஆன்டிபயாடிக் மருந்தையும் மூக்கு ஸ்பிரேயையும் குறைவாகவே நாடினார்கள். ஆய்வுகளைச் சலித்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-ல் நாள்பட்ட சைனஸ் அழற்சி பற்றி ஆராய்ந்தபோது, தன் அளவுகோலுக்குத் தேறியவை இரண்டே ஆய்வுகள்தான் என்றது. நிறைய நீரால் கழுவினால் பலன் இருக்கலாம், சிறிதளவு நீரைப் புகைபோலத் தெளிப்பதில் பலன் தெரியவில்லை, சான்றின் தரம் குறைவு என்பது அதன் முடிவு. ஒவ்வாமை மூக்கழற்சி குறித்து 2018-ல் அதே அமைப்பு 14 ஆய்வுகளை, 747 பேரைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, தொல்லை குறைவதாக நோயாளிகள் சொல்கிறார்கள், ஆனால் இங்கும் சான்றின் தரம் குறைவுதான் என்று எழுதியது. சாதாரணச் சளிக்கு வந்தால், எடின்பரோவில் 66 பெரியவர்களிடம் நடந்த முன்னோடி ஆய்வில் (2019), உப்பு நீரால் மூக்கைக் கழுவித் தொண்டையையும் கொப்பளித்தவர்களுக்குச் சளி ஏறத்தாழ இரண்டு நாள் முன்னதாகவே விட்டது. 2024-ல் லான்செட் குழும இதழில் வந்த பெரிய ஆய்வில் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் ஆறு மாத காலத்தில் சராசரியாக 8.2 நாள் நோயுற்றிருக்க, உப்பு நீர் ஸ்பிரே அடித்தவர்களுக்கு அது 6.4 நாள். அது ஸ்பிரே, கழுவல் அல்ல. ஆனாலும் மூக்கில் படும் உப்பு நீர் வெறும் மனச் சமாதானம் மட்டுமே என்ற வாதம் இதற்குப் பிறகு நிற்காது.

“தரம் குறைந்த சான்று என்று நிபுணர்களே சொல்லும்போது எதற்கு மெனக்கெட வேண்டும்?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தரம் குறைவு என்றால் பலன் இல்லை என்று பொருளல்ல. பலனின் அளவை உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிய, ஒழுங்கான ஆய்வுகள் போதவில்லை என்றுதான் பொருள். கடலில் இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்குப் பல கோடி செலவழித்து ஆய்வு நடத்த எந்த மருந்து நிறுவனம் முன்வரும்? இருக்கும் சான்றைக் கொண்டே, மூக்கு சைனஸ் நோய்களுக்கான ஐரோப்பிய மருத்துவர்களின் 2020 வழிகாட்டி, நாள்பட்ட சைனஸ் அழற்சிக்கு உப்பு நீர்க் கழுவலைப் பரிந்துரைக்கிறது. மாற்றாக நாம் கையாளுவது எதை என்றும் பார்க்க வேண்டும். மூக்கடைத்தால் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமலே சைலோமெட்டசோலின் போன்ற சொட்டு மருந்தை வாங்கிவிடுகிறோம். இரண்டு சொட்டில் அடைப்பு திறந்துவிடும் என்பது உண்மைதான். ஒரு வாரத்தைத் தாண்டிப் போட்டுக்கொண்டே இருந்தால், மருந்து இறங்கும்போதெல்லாம் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கத் தொடங்கும். அந்த அடைப்புக்கு மறுபடி அதே சொட்டு. தலையணைக்கடியில் அந்தப் பாட்டில் இல்லாமல் தூங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். உப்பு நீருக்கு இப்படி ஆளை அடிமைப்படுத்தும் குணம் கிடையாது. மற்றபடி, நேத்தியால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம், நினைவாற்றல் பெருகும் என்றெல்லாம் சொல்பவர்களை நம்ப வேண்டிய அவசியமில்லை. மூக்குக்கு நல்லது என்பதோடு நிறுத்திக்கொள்வதே இதற்கு மரியாதை.

இனி ஆபத்துக்கு வருவோம். நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. 46 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கின் உச்சிக்கு நீரோடு போய்ச் சேர்ந்தால், முகர்வு நரம்பைப் பற்றிக்கொண்டு, சல்லடைபோல் துளையுள்ள மெல்லிய எலும்பைக் கடந்து மூளைக்குள் ஏறிவிடும். அமெரிக்காவில் 1962 முதல் 2024 வரை இந்த நோய் கண்டவர்கள் 167 பேர். பிழைத்தவர்கள் 4 பேர். எவ்வளவு அபூர்வமானது, வந்தால் எவ்வளவு கொடியது என்ற இரண்டையும் இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. பெரும்பாலோர் ஏரியிலும் குளத்திலும் நீந்தியவர்கள். ஆனால் 2011-ல் லூசியானா மாநிலத்தில் இறந்த இருவர் நீந்தவில்லை. வீட்டுக் குழாய் நீரை நேத்திக் கெண்டியில் ஊற்றி மூக்கைக் கழுவியவர்கள். அவர்கள் வீட்டு நீர் மாதிரிகளில் அமீபா இருந்தது; ஊர் முழுக்கப் போகும் விநியோகக் குழாய் நீரில் தென்படவில்லை. 2023-ல் ஃபுளோரிடாவிலும், 2024-ல் டெக்சாஸிலும் கொதிக்கவைக்காத நீரால் மூக்கைக் கழுவியவர்கள் இறந்தார்கள். கராச்சியில் 2008, 2009 ஆண்டுகளில் 17 மாதத்துக்குள் 13 பேர் இந்த நோய்க்கு ஆளானார்கள். பெரும்பாலோருக்கு நீச்சல் பழக்கமே இல்லை. தொழுகைக்கு முன் மூக்கில் நீர் செலுத்திச் சுத்தம் செய்யும்போது வீட்டுக் குழாய் நீர் வழியாக அமீபா நுழைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அங்கே காய்ச்சிய நீரையோ ஒழுங்காகக் குளோரின் கலந்த நீரையோ பயன்படுத்தச் சொல்லும் அறிவுரைகள் வெளியாயின. பழக்கத்தை விடச் சொல்லவில்லை, நீரை மாற்றச் சொன்னார்கள்.

கேரளத்தில் 2024 கோடையிலிருந்து கோழிக்கோடு, மலப்புரம், கண்ணூர், திருவனந்தபுரம் பகுதிகளில் அமீபா மூளைக் காய்ச்சல் அடுத்தடுத்துப் பதிவானது. 2025-ல் எண்ணிக்கை இன்னும் கூடியது. நெக்லேரியாவோடு வேறு வகை அமீபாக்களும் சிக்கின. எல்லை தாண்டினால் நாம்தான். நம் ஊர் வெயில் அவர்களுடையதைவிடக் கொஞ்சமும் குறைந்ததில்லை. மொட்டை மாடியில் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டியின் மூடியைச் சித்திரை வெயிலில் திறந்து கையை விட்டுப் பாருங்கள்: நீர் வெதுவெதுப்பாக இருக்கும், உட்சுவரில் விரலை வைத்தால் வழவழவென்று ஒரு படலம் ஒட்டும். அந்தப் படலத்தில் வாழும் பாக்டீரியாதான் அமீபாவின் சாப்பாடு. லாரித் தண்ணீரானாலும் போர் தண்ணீரானாலும் கார்ப்பரேஷன் தண்ணீரானாலும், சம்ப்பில் தங்கி, மேல்தொட்டியில் தங்கி, குழாயில் தங்கித்தான் வாஷ்பேசினுக்கு வருகிறது. வழியில் குளோரின் தீர்ந்துபோகிறது. கெய்சர் வெந்நீர் சூடாக இருக்கிறதே என்று சிலர் நினைக்கிறார்கள். அது கொதித்த நீர் அல்ல. ஆர்.ஓ. நீரும் கேன் தண்ணீரும் குடிக்கத் தகுந்தவை என்றாலும் கிருமி முற்றிலும் அற்றவை அல்ல. வடிகட்டியைத் தாண்டியதும் அவையும் ஒரு தொட்டியிலோ கேனிலோ நாள்கணக்கில் நிற்கின்றன. வயிற்றுக்குப் போகும் நீருக்கு அமிலம் என்ற காவல் இருக்கிறது. மூக்கின் உச்சியில் அப்படி ஒரு காவல் இல்லை.

உப்பு போட்டால் அமீபா செத்துவிடாதா என்பது அடுத்த கேள்வி. கடல் நீரில் அது வாழாது என்பது சரி. ஆனால் மூக்குக்கு ஏற்ற 0.9 சதவீத உப்பு, கலக்கிய சில நிமிடங்களில் அதைக் கொன்றுவிடும் என்று நம்பி உயிரைப் பணயம் வைக்க முடியாது.

முன்னோர்கள் ஆற்றிலும் குளத்திலும் அள்ளிய நீரைத்தானே மூக்கில் விட்டார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மரபைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. ஒன்றும் ஆகவில்லை என்பதை நாம் எப்படி அறிவோம்? காரணம் தெரியாத மூளைக் காய்ச்சலில் இறந்தவர்களை அந்தக் காலத்தில் யார் சோதித்துப் பார்த்தார்கள்? இந்த அமீபா மனிதரைக் கொல்லும் என்பதே 1965-ல் ஆஸ்திரேலியாவில்தான் மருத்துவ இதழுக்கு வந்தது. தவிர, மரபு என்று நாம் நினைப்பதும் அப்படியே இல்லை. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹட யோகப் பிரதீபிகை, ஆறு சுத்திகரிப்புச் செயல்களில் ஒன்றாக நேத்தியைச் சொல்லும்போது விவரிப்பது நூலை: வழவழப்பான நூலை மூக்கில் விட்டு வாய் வழியே எடுக்கும் முறை. இன்று பரவலாக இருக்கும் ஜல நேத்தி யோகப் பள்ளிகள் வழியாக வீடுகளுக்கு வந்தது. நல்ல பள்ளிகளில் நீரையும் உப்பையும் பற்றிக் கறாராகச் சொல்லித்தான் தருகிறார்கள். அந்தக் கறார்தான் வீடியோ பார்த்துச் செய்பவர்களிடம் காணாமல் போகிறது.

ஆகவே அடுப்பைப் பற்றவைப்போம். நீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு முழுதாக ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் சிறு குமிழ்கள் வருவது கொதி அல்ல. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் மூன்று நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் குறைவதால் நீர் நூறு டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடுகிறது. இறக்கி மூடிவைத்து ஆறவிடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று பச்சைத் தண்ணீரை விளாவினால் செய்த வேலை அத்தனையும் வீண். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது, அதுதான் பதம். மீந்த காய்ச்சிய நீரைச் சுத்தமான மூடிய பாத்திரத்தில் 24 மணி நேரம் வரை வைத்துக்கொள்ளலாம், பிறகு செடிக்கு ஊற்றிவிடலாம். காய்ச்சச் சோம்பலாக இருப்பவர்கள் மெடிக்கல் ஷாப்பில் நார்மல் சலைன் பாட்டில் வாங்கலாம். அது கிருமி நீக்கிய அதே 0.9 சதவீத உப்பு நீர்தான். ஆனால் திறந்த பாட்டிலை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் என்று பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் விற்பது வண்டி பேட்டரிக்கானது, மூக்குக்கானது அல்ல.

உப்பில் வரும் தகராறு கொஞ்சம் சுவையானது. கல் உப்புதான் இயற்கையானது, அதையே போட வேண்டும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். தூத்துக்குடி உப்பளத்துக் கல் உப்பை ஒரு கண்ணாடி டம்ளரில் கரைத்து அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய மண் படியும். ரசத்தில் அது தெரியாது. மூக்குச் சவ்வில் தெரியும். அதோடு கல் உப்பின் கற்கள் பெரிதும் சிறிதுமாக இருப்பதால் கரண்டி அளவு ஒவ்வொரு முறையும் மாறும். தூள் உப்பே வசதி. தலை தட்டிய ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம். அரை லிட்டருக்குத் தேவை நாலரை கிராம். ஆக முக்கால் தேக்கரண்டி. அதோடு கால் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்தால் எரிச்சல் இன்னும் குறையும், கட்டாயமில்லை. அயோடின் சேர்க்காத உப்பைப் பயன்படுத்துங்கள் என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்வதைப் படித்துவிட்டுச் சிலர் கடை கடையாக அலைகிறார்கள். நம் நாட்டில் சாப்பாட்டுக்கு விற்கும் உப்பில் அயோடின் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். நுகர்வோர் கையில் வரும்போது பத்து லட்சத்தில் 15 பங்காவது இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு லிட்டர் கழுவு நீரில் கலப்பது ஒரு மில்லிகிராமில் ஏழில் ஒரு பங்கு. அதற்காக உறக்கத்தைத் தொலைக்க வேண்டாம். அளவு சரியாக இருந்தும் எரிந்தால் மட்டும், கழுவு பாட்டிலோடு மெடிக்கல் ஷாப்பில் விற்கும் அளந்த உப்புப் பொட்டலத்துக்கு மாறிவிடலாம்.

கழுவும் முறை பார்க்கும்போது பயமாகவும் செய்யும்போது எளிதாகவும் இருக்கும். வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மேலே இருக்கும் நாசியில் கெண்டியின் மூக்கைப் பொருத்தி மெல்லச் சாய்க்க வேண்டும். நீர் மூக்கின் பின்புறம் சுற்றிக்கொண்டு கீழ் நாசி வழியாக விழும். வாயைத் திறந்து வாயாலேயே மூச்சுவிட வேண்டும். பேசக் கூடாது, விழுங்கக் கூடாது. நீர் தொண்டைக்கு இறங்கினால் நெற்றி தாடையைவிட மேலே தூக்கியிருக்கிறது என்று பொருள், இன்னும் குனிய வேண்டும். அழுத்தும் பிளாஸ்டிக் பாட்டில் என்றால் மெதுவாக அழுத்தினால் போதும். பெரியவர்களுக்கு ஒரு நாசிக்கு ஒரு டம்ளர் அளவு. முடிந்ததும் இரண்டு நாசிகளையும் திறந்தபடியே மென்மையாகச் சீந்த வேண்டும். ஒன்றை அடைத்துக்கொண்டு பலமாகச் சீந்தினால், தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழல் வழியாக நீர் காதுக்குப் போகும். கழுவியபின் காது வலிக்கிறது என்பவர்களில் பலர் செய்யும் தவறு இதுதான். படுக்கப் போகும் நேரத்தில் கழுவினால் மீந்த நீர் இரவெல்லாம் தொண்டையில் சொட்டி இருமவைக்கும். மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுத்திருந்தால் முதலில் கழுவல், பிறகு ஸ்பிரே. கோழையின் மேல் அடித்த மருந்து சவ்வைச் சேராது. கெண்டியையும் பாட்டிலையும் சோப்புப் போட்டுக் கழுவி, கடைசி அலசலைக் காய்ச்சிய நீரால் செய்து, கவிழ்த்து உலரவிட வேண்டும். ஈரத்தோடு குளியலறை அலமாரியில் வைத்த பாட்டில் அடுத்த நாளுக்கான கிருமிப் பண்ணை.

ஆயுள் முழுக்க தினமும் செய்யலாமா என்பதில்தான் எதிர்க்கட்சியின் வலுவான வாதம் இருக்கிறது. கோழை வெறும் கழிவு அல்ல. கிருமியைக் கரைக்கும் லைசோசைமும் எதிர்ப்புப் புரதங்களும் அதில் இருக்கின்றன. 2009-ல் அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர்கள் மாநாடு ஒன்றில் வாசிக்கப்பட்ட சிறு ஆய்வு, ஓராண்டாகத் தினமும் கழுவிவந்த 68 பேர் அதை நிறுத்தியதும் அடுத்த ஆண்டில் அவர்களுக்குச் சைனஸ் தொற்று பாதிக்கு மேல் குறைந்ததாகச் சொன்னது. ஒரே மருத்துவரின் நோயாளிகளைக் கொண்ட சிறு ஆய்வு அது, அதை வைத்து மட்டும் தீர்ப்பெழுத முடியாது. ஆனாலும் அது எழுப்பும் ஐயத்தில் பொருள் இருக்கிறது. நன்றாக வேலை செய்யும் மூக்குக்கு நம் உதவி தேவையில்லை. நுண்முடிகளுக்கு அந்த வேலை தெரியும். சளியோ, ஒவ்வாமைப் பருவமோ, புழுதி வேலையோ, நாள்பட்ட சைனஸோ இருக்கும்போது நாளுக்கு ஒன்றிரண்டு முறை கழுவுவதும், தேறியதும் நிறுத்துவதும் அல்லது குறைப்பதும் போதும். நாள்பட்ட நோய்க்காரர்களும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் எத்தனை நாள் என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

மூக்கு முழுக்க அடைத்து நீரே போகாத நிலையில் அழுத்திச் செலுத்தக் கூடாது. காதுத் தொற்று உள்ளவர்கள், அடிக்கடி மூக்கில் ரத்தம் வருபவர்கள், முகத்தில் அடிபட்டவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்குக் கெண்டி வேண்டாம், கடையில் விற்கும் உப்பு நீர்ச் சொட்டே போதும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் ஸ்காட்லாந்தில் நடந்த ஆய்வில், சொட்டு விட்ட குழந்தைகளுக்குச் சளி எட்டு நாளுக்குப் பதில் ஆறு நாளில் விட்டதாக 2024-ல் அறிவித்தார்கள். எந்த நீராக இருந்தாலும் சரி, மூக்கில் நீர் ஏறிய இரண்டு வாரத்துக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால், மருத்துவமனையில் முதல் வேலையாக “மூக்கில் தண்ணீர் போனது” என்று சொல்லிவிடுங்கள். கேரளத்தில் சிலர் பிழைத்ததற்கு, நோயைச் சீக்கிரம் சந்தேகித்து மருந்து தொடங்கியது முக்கியக் காரணம்.

நேத்திக் கெண்டி விற்கும் யோகா மையங்களுக்கும், கழுவு பாட்டில் விற்கும் நிறுவனங்களுக்கும், அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெட்டிக்குள் மடித்துவைத்த ஆங்கிலத் தாளில் பொடி எழுத்தில் எச்சரிக்கை போட்டால் கடமை முடிந்துவிடாது. ‘காய்ச்சி ஆறவைத்த நீர் மட்டும்’ என்று தமிழில், பெரிய எழுத்தில், கெண்டியின் மேலேயே அச்சிட்டுக் கொடுங்கள்.